அண்ணன் பேரில் ஏழு வருஷம்

தெருவில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று காதில் ஏறாது. இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்புவேன். வயசாகிவிட்டது, காது மந்தம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வயசிலிருந்து இருபத்தொன்பது வரைக்கும் நான் என் அண்ணன் பெயரில் இருந்தேன். அதனால் வந்த வினை.

எங்கள் வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நான். அண்ணன் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வெல்டர். எண்ணெய்த் தொட்டியும் பாய்லரும் செய்கிற பெரிய பட்டறை, நிரந்தர வேலை. நானும் வெல்டர்தான், ஆனால் கான்ட்ராக்டர் கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் எண்ணூர்ப் பக்கம் கம்பெனி கம்பெனியாக கேட்டில் நின்று திரும்பி வருவேன்.

அறுபதுகளின் கடைசியில் அண்ணனுக்கு இருமலோடு ரத்தம் வர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் காசம், தேற ஒரு வருஷமாவது ஆகும் என்றார்கள். பட்டறையில் அவ்வளவு நாள் லீவு ஏது? பெயரை அடித்துவிடுவார்கள். அப்போதுதான் அண்ணனுடைய மேஸ்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, மூஞ்சி அப்டியே அவன மாரியே கீது. நாளைக்கு அவன் டோக்கன எடுத்துகினு வந்துடு. ஆபீஸ்ல எவன் உன் மூஞ்சியப் பாக்கப்போறான்?"

உண்மைதான். காலையில் கேட்டில் பித்தளை டோக்கனைப் பெட்டியில் போட்டால் ஆள் வந்துவிட்டான் என்று கணக்கு. டோக்கனில் நம்பர் மட்டும்தான், போட்டோ கிடையாது. அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் இது அதிசயமும் இல்லை. அப்பன் டோக்கனில் பிள்ளை, மாமன் டோக்கனில் மச்சான் என்று எத்தனையோ பேர் உள்ளே போனார்கள். வேலை நடந்தால் சரி, யார் கை என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் தேறுகிற வரைக்கும்தானே என்று நானும் போனேன்.

அண்ணன் தேறினான். ஆனால் புகையில் நிற்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவது, மணி அடிப்பது, பீடம் துடைப்பது என்று கோயில்பிள்ளை வேலையில் பங்குச் சாமியார் அவனை வைத்துக்கொண்டார். டோக்கன் என்னிடமே நின்றுவிட்டது. அடுத்த வருஷம் உன் பேர்லயே உள்ள இஸ்துக்கிறேன் என்று மேஸ்திரி வருஷா வருஷம் சொன்னார். ஏழு வருஷம் சொன்னார். சம்பளம் ஒரே அடுப்புக்குத்தான் போனது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பட்டறையில் எல்லோரும் என்னை அண்ணன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். வீட்டில் நான் தம்பி. தெருவில் இன்னாருடைய தம்பி. என் பெயர் ஞானஸ்நான ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தது.

அதன் வலி எனக்கு எப்போது தெரிந்தது என்றால், வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது. பெண் வீட்டார் மரியாதைப்பட்டவர்கள், ரகசியமாக விசாரிக்கிறவர்கள். பட்டறை கேட்டுக்கு வந்து வாட்ச்மேனிடம் என் பெயரைச் சொல்லி, ஆள் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒருத்தன் இங்கே வேலையே செய்யவில்லை என்று அவன் சத்தியம் செய்திருக்கிறான். போனவர்கள் போனவர்கள்தான். பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணப் பார்த்தவன் என்ற பெயர் மட்டும் எனக்கு மிஞ்சியது. அண்ணன்மேல் ஆத்திரம் வந்தது என்று இப்போது சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, வந்தது.

எழுபதுகளின் நடுவில் அரபு நாட்டுப் பேச்சு எங்கள் சந்துக்குள்ளும் வந்தது. ஒரு ஏஜென்ட் மூலமாக எனக்கு மூன்று மாத வேலை கிடைத்தது. அங்கே ஒரு துறைமுக ஊரில் எண்ணெய்த் தொட்டிகளைப் பழுது பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மட்டும் தற்காலிக பெர்மிட், முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். பாஸ்போர்ட்டுக்காகக் கோயில் ரிஜிஸ்டரிலிருந்து என் பெயரைச் சாமியார் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள்.

மூன்று மாதம் டோக்கனை யார் போடுவது? அதற்கும் அண்ணனே வழி சொன்னான்.

"என் டோக்கன்தானேடா, நானே போறேன். மூணு மாசம் தாங்க மாட்டேனா?"

"உன் நெஞ்சு தாங்காதுண்ணா."

"மேஸ்திரி என்னை வெளியில கிரைண்டிங்ல போடறேன்னாரு. நீ போயிட்டு வா. உனக்கும் ஒரு நல்லது கெட்டது வேணாமா?"

அவன் போன முதல் நாள் கேட்டில் நடந்ததை அண்ணி எனக்குக் கடிதத்தில் எழுதியிருந்தாள். அதே வாட்ச்மேன் அண்ணனைப் பிடித்து நிறுத்தி, இது உன் டோக்கன் இல்லை, வேறு ஆளுடையது என்று உள்ளே விடவில்லையாம். மேஸ்திரி ஓடி வந்து, ஜுரத்தில் இளைத்துவிட்டான் என்று சொல்லி உள்ளே கூட்டிப் போனாராம். அந்த ஊரில் உட்கார்ந்து அதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அங்கே எங்கள் போர்மேன் ஒரு தூத்துக்குடிக்காரர். முதல் நாள் வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டார். மூன்று தடவை ஒரே பெயரைக் கூப்பிட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"என்னலே, உம் பேரத்தான கூப்பிடுதேன். காது கேக்கலியா?"

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! மூன்று மாதமும் அவர் வாயால் என் பெயரைக் கேட்பதற்காகவே சொன்ன வேலையை முடித்துவிட்டு எதிரில் போய் நிற்பேன்.

மூன்றாவது வாரம் கம்பெனியின் இன்ஜினீயர் வந்தார். இரண்டு வருஷத்துக்கு வெல்டர்கள் தேவை, தற்காலிகமாக வந்தவர்களில் தேறுகிறவர்களுக்குக் கம்பெனியே விசா எடுத்துக் கொடுக்கும் என்றார். நாங்கள் பதினோரு பேர் பரீட்சைக்கு நின்றோம். இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்டு அடிக்க வேண்டும், தலைக்குமேல் பிடித்து அடிக்க வேண்டும். அடித்ததிலிருந்து ஒரு துண்டு அறுத்து, பிடியில் வைத்து, வில்லாக வளைப்பார்கள். கீறல் விட்டால் வீட்டுக்கு. என்னுடையது வளைந்து நின்றது, ஒரு மயிரிழை கீறல் இல்லை. இன்ஜினீயர் தடவிப் பார்த்துவிட்டு போர்மேனிடம் தலையாட்டினார். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், அதிலும் தேறினேன்.

பிறகு போர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எல்லாம் சரிதாம்லே. இனி ஒண்ணே ஒண்ணுதான். அஞ்சு வருசம் வேல பாத்ததுக்கு ஊர்ல உள்ள கம்பெனி சர்ட்டிபிகேட் வேணும். பாஸ்போர்ட்ல உள்ள அதே பேர்ல இருக்கணும். பெர்மிட் முடியுதுக்குள்ள வந்துரணும். வந்துட்டா விசா உனக்குத்தான்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். ஏழு வருஷம் ஒரு நாள் தவறாமல் வெல்டு அடித்த என்னிடம் ஒரு நாள் அனுபவத்துக்கும் காகிதம் இல்லை. கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் பதினைந்து வருஷ அனுபவம் இருந்தது. இதைப் போர்மேனிடம் சொல்லவில்லை. எழுதிக் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கடிதம் போக இரண்டு வாரம், வர இரண்டு வாரம். அண்ணனுடைய பதில் வந்தபோது என் பெர்மிட்டில் ஒரு மாதம்தான் பாக்கி. மேஸ்திரி மூலமாக ஆபீஸில் கேட்டுப் பார்த்தார்களாம். குமாஸ்தா பெரிய ரிஜிஸ்டரை எடுத்து ஏழு வருஷத்தையும் புரட்டிவிட்டு, இந்தப் பெயரில் யாருமே இல்லையே, யார் இவன், எதற்குக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். மேஸ்திரி ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்துவிட்டார். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அண்ணன் இப்படி எழுதியிருந்தான்: 'ஒரு வழிதான் இருக்கிறது. நான் ஆபீஸில் போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் உழைத்தது என் தம்பிதான், அவன் பேரில் காகிதம் கொடுங்கள் என்று கேட்கிறேன். என் வேலை போனாலும் போகட்டும். நீ சொல் என்று எழுதினால் சொல்கிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். உன் வார்த்தைக்குக் காத்திருக்கிறேன்.'

சொன்னால் அவன் வேலை போகும், அது நிச்சயம். காகிதம் வருமா என்பது நிச்சயமில்லை. சொல்லாவிட்டால் எனக்கு இந்த ஜென்மத்தில் விசா இல்லை. மறுபடியும் திருவொற்றியூர் கேட்டில் அண்ணனாகப் போய் நிற்க வேண்டும். இதை என் கையில் ஏன் கொடுத்தான் என்று அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அவனே முடிவு செய்திருக்கலாமே! அண்ணன் என்று எதற்கு இருக்கிறான்?

அன்று வெள்ளிக்கிழமை, லீவு. கட்டிலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன்: 'சொல்லிவிடு அண்ணா. ஏழு வருஷம் உன் பேரில் இருந்துவிட்டேன். இனிமேலாவது என்னை என் பேரில் இருக்க விடு.' எழுதி, ஒட்டி, அந்த வெயிலில் நடந்து போய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் தொட்டிக்குள் வேலை. உள்ளே இறங்கி அடிக்கும்போது புகை வெளியே போக வழி கிடையாது. எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நல்ல நெஞ்சுள்ள எனக்கே அப்படி. வெல்டிங் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். நான் இங்கே என் பெயரைக் கேட்டுப் பூரித்துக்கொண்டிருக்க, அழுகிப் பிழைத்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவன் எனக்காகத்தான் அந்தப் பட்டறையில் நிற்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பிள்ளைகள். கோயிலில் கொடுப்பதை வைத்து மூன்று நாள் தள்ள முடியாது. ஏணியில் ஏறி வெளியே வந்து, போர்மேனிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம் வாங்கிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினேன்.

நேற்றுப் போட்ட கடிதத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். அங்கே இருந்தவனுக்கு நான் சொன்னது புரியவில்லை. புரிந்த பிறகு சிரித்தான். அதனால் தந்தி கொடுத்தேன். சொல்ல வேண்டாம், வேலைக்குப் போ. அவ்வளவுதான். தந்தி இரண்டு நாளில் போய்விடும், கடிதம் மெதுவாக வரட்டும், தந்திதான் பிந்தியது என்று அண்ணனுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். விளக்கமாக இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. முதல் கடிதத்தை நினைத்தாலே கூசியது. அதைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது இல்லாமலே போய்விடும் என்பதுபோல ஒரு நினைப்பு.

சர்ட்டிபிகேட் வராது என்று போர்மேனிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். ஏழு வருஷக் கதையையும் சொன்னேன்.

"பேரு இல்லாத கைய வச்சு நான் என்ன செய்ய முடியும்லே" என்றார். கிளம்புகிற அன்று, பரீட்சையில் வளைத்த அந்த இரும்புத் துண்டைத் தேடி எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். "இதான் உன் சர்ட்டிபிகேட்டு, வச்சுக்க."

கப்பலில் பம்பாய், அங்கிருந்து ரயில். வருத்தம்தான், ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை இல்லாமல் இல்லை. அண்ணன் குடும்பத்துக்காக விசாவை விட்டுவிட்டு வருகிறவன் நான். அந்தப் பெருமையோடுதான் சென்ட்ரலில் இறங்கி ரிக்ஷா ஏறினேன். திங்கட்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். சந்துக்குள் நுழைந்தபோது அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை அந்த நேரத்தில் அவன் பட்டறையில் இருக்க வேண்டும்.

"வாடா" என்று எழுந்தான். எழுந்ததுமே இருமல். முகம் சுண்டிப்போயிருந்தது. "பேப்பரு கெடைக்கலடா. நான் சொல்லிப் பாத்தேன். ரிஜிஸ்டர்ல இன்னா கீதோ அதான் தருவாங்களாம். டோக்கன வாங்கி வெச்சிகினு அனுப்சிட்டாங்க. மேஸ்திரியையும் நிறுத்திட்டாங்க, பாவம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் பெட்டியோடு நின்றேன். அதற்குள் அண்ணி உள்ளேயிருந்து வந்துவிட்டாள். என்னை உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"மொதல்ல சொல்ல வேணாம்னு தந்தி அடிச்சே. அதப் பாத்துட்டு மனுசன் நிம்மதியா வேலைக்குப் போயினு வந்துனு இருந்தாரு. பன்னெண்டு நாளு கழிச்சி லெட்டர் வருது, சொல்லிடு, என் பேர்ல இருக்க வுடுன்னு. மறுநாள் காத்தாலயே போயிச் சொல்லிட்டாரு. இன்னா தம்பி, அந்த பன்னெண்டு நாள்ல உனுக்கு இன்னா ஆச்சி? எதுக்கு மனச மாத்திகினே?"

அந்தக் கடிதம் சாமி படத்துக்குக் கீழே செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். சின்ன வயசில் கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்தபடி, எல்லாக் கடிதத்திலும் எழுதுவதுபோல, மேலே மூலையில் 'சேசு மரி சூசை' என்று எழுதியிருந்தேன். மற்றவர்கள் தேதி போடுகிற இடம் அது. நாங்கள் யாரும் தேதி போட்டுப் பழகியதில்லை. தபால் முத்திரை மை ஈஷி ஒன்றும் தெரியவில்லை. சில கடிதம் எட்டு, பத்து நாளிலேயே வந்ததுண்டு; பின்னால் வந்தது பின்னால் எழுதியது என்று அவன் எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான்?

சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கடிதம்தான் முந்தியது, தந்திதான் என் கடைசி வார்த்தை என்று நான் சொன்னால், வேலையைத் தொலைத்தது அவன் அவசரம் என்று ஆகிவிடும். யாருமே கேட்காத வேலையை அவன் தூக்கிக் கொடுத்ததாக ஆகிவிடும். அதைக் கேட்டுக்கொண்டு அவன் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான்? தவிர, அந்த வரிகளை எழுதியது நான்தானே? வேறு யார் கை?

"ஆமா அண்ணி" என்றேன். "மாறிடுச்சி."

அண்ணன் குறுக்கே வந்தான்.

"வுடுடி. அவன் பேர்ல அவன் இருக்கணும்னு கேட்டான். அது ஒரு தப்பா?"

பெட்டியைத் திறந்து பிள்ளைகளுக்கு வாங்கி வந்த துணிகளை எடுத்துக் கொடுத்தேன். அடியில் அந்த வளைத்த இரும்புத் துண்டு கிடந்தது. அண்ணன் அதை எடுத்துக் கட்டைவிரலால் வெல்டு நெடுகத் தடவினான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "சோக்கா கீதுடா" என்றான். அவனும் வெல்டர்தானே, அவனுக்குத் தெரியும்.

அண்ணி தட்டு வைத்தாள். அண்ணனுக்குப் போட்டாள், பிள்ளைகளுக்குப் போட்டாள். நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து என்னைத் தம்பி என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு என் பெயரைச் சொல்லி, சாப்பிட வா என்று கூப்பிட்டாள். முதல் தடவையிலேயே கேட்டது.